வூல் மூட்டையோட வீடு மாறுறது எப்பிடி

எங்கட மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மூத்த பொம்பிளப் புள்ளைக்குக் கலியாணம் எண்டா இருக்கிற வீடு அவவுக்கு, தாய் தகப்பன் மிச்சப் புள்ளையளக் கூட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும். அக்காவுக்கு ஆவணியில கலியாணம், கல்லடி வீட்ட அவட பேருக்கு எழுதியாச்சு, நாங்க ஆரையம்பதியில கட்டின வீட்டுக்கு மாறணும், அதுவும் ஆடி பிறக்க முதல் பால் காச்சிடணும் எண்டு அம்மா ஒத்தக் கால்ல நிண்டா. சட்டி பானை, கட்டில், அலுமாரி எல்லாம் ரெண்டு நாளில கட்டி முடிஞ்சிட்டு. முடியாமக் கிடந்தது என்ட வூல்தான், பின்னுறதுக்கு எண்டு சேத்து வெச்ச நூலெல்லாம்.

கொஞ்சம்தானே எண்டுதான் நானும் நினைச்சன். அலுமாரி அடித்தட்டு, கட்டிலுக்குக் கீழ ரெண்டு சூட்கேஸ், ஓட்டையாப் போன அரிசி ட்ரம், அப்பாட ஃபைல் ராக்கைக்குப் பின்னால ஆருக்கும் சொல்லாம வெச்ச ஒரு சொப்பிங் பேக், எல்லாத்தையும் கொண்டு வந்து விறாந்தையில கொட்டி நிறுத்தா 14 கிலோ. இந்த வெயிலுக்குள்ள ஆருக்குக்கா கம்பளி எண்டு கேக்காதீங்க, பச்சப் புள்ளையளுக்குத் தொப்பியும் சப்பாத்தும் பின்னுறன், கனடாவில இருக்கிற சொந்தக்காரப் புள்ளையளுக்கு ஸ்வெட்டர் போகுது, நுவரெலியாவுக்குப் படிப்பிக்கப் போன சிநேகிதி ஒராள் வருஷத்துக்கு ரெண்டு கேக்கிறா.

வீடு மாறுற எண்டவுடன எல்லாரும் பெட்டி தேடித்தான் ஓடுறது. வூலுக்குப் பெட்டி கடைசி வேலை. முதல் பூச்சி, மறுகா ஈரம், இந்த ரெண்டையும் பாக்காம எவ்வளவு வடிவாக் கட்டினாலும் பூச்சிக்குத்தான் நீங்க லொறிக் கூலி குடுக்கிறீங்க. நான் பட்டுத்தான் சொல்றன். நாலு வருஷத்துக்கு முதல் வீட்டுக் கூரை மாத்தின நேரம், ஐப்பசி மாசம், வெளிய மழை ஊத்துது, நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி எல்லாத்தையும் பொலித்தீன் பேக்ல போட்டுக் காத்துப் போகாம டேப் சுத்தி மூலைக்க வெச்சன். தையில திறந்தா ஈரச் சாக்கு மணம், வெள்ளப் பருத்தி நூலில மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, சித்தி லண்டன்ல இருந்து கொண்டந்த மெரினோ (மெல்லிசான ஆட்டுமயிர் நூல்) பந்த கையில தூக்க அது துண்டு துண்டா உதிர்ந்து விழுது. அழுதிட்டன், உண்மையா.

அதால இந்த முறை ஒரு மாசத்துக்கு முதலே தொடங்கினன். நீங்களும் குறைஞ்சது மூண்டு கிழமை வைங்க, ஏன் எண்டு கீழ விளங்கும். முதல் வேலை எல்லாத்தையும் வெளிச்சத்தில விரிக்கிறது. பன்பாய் ரெண்டு மூண்ட விறாந்தையில போட்டு அதுக்கு மேல பரப்புங்க, நேர் வெயில் வேணாம், சாயம் போட்ட நூல் ஒரு கிழமை வெயில் பட்டா ஒரு பக்கம் மட்டும் வெளிறி நிக்கும். ஆனி, ஆடி கச்சான் அடிக்கிற காலம் (திங்கிற கச்சான் இல்ல, காத்து), அந்தக் காஞ்ச காத்துக்கு ரெண்டு நாள் விறாந்தையில கிடந்தாலே நூல் மொறுமொறு எண்டு வந்திரும். மார்கழியில மாறுறவங்களுக்கு இந்த வசதி இல்ல, ஃபேனப் போட்டு அறைக்குள்ளதான் காயவிடணும்.

விரிச்ச கையோட மூண்டு குவியலாப் பிரிங்க. ஆட்டுமயிர், அல்பாக்கா, மொஹேர் மாதிரி மிருக மயிரெல்லாம் ஒண்டு, பட்டு நூலையும் இதோடயே சேருங்க. பருத்தி, லினன் ஒண்டு. அக்ரிலிக் எண்ட செயற்கை நூல் ஒண்டு. வூல் திங்கிற புழுவுக்கு வேண்டியது மயிரில இருக்கிற கெரற்றின் எண்ட புரதம், எங்கட நகத்திலயும் தலமயிரிலயும் இருக்கிற அதே சாமான். சுத்தமான அக்ரிலிக்கையும் பருத்தியையும் அது சாப்பாடாக் கணக்கெடுக்காது. எண்ணெய், வியர்வை, தேத்தண்ணி பட்டுக் கிடந்தா மட்டும் அதையும் கடிச்சுப் பாக்கும். கண்டதையும் ஒரே பெட்டிக்க போட்டீங்க எண்டா பூச்சி வந்த நேரம் 14 கிலோவையும் கிளறணும், பிரிச்சா நாலு கிலோவோட வேலை முடிஞ்சிரும்.

லேபல் இல்லாத நூல் ஆரிட்டத்தான் இல்ல. அதுக்கு எரிச்சுப் பாக்கிறதுதான் வழி. ரெண்டு விரக்கட நீளம் வெட்டி, குறட்டில பிடிச்சு, வளவுக்குள்ள போய், பக்கத்தில ஒரு கோப்பை தண்ணியோட, பழைய கரண்டி ஒண்டுக்கு மேல வெச்சு நெருப்புக்குச்சியக் காட்டுங்க. ஆட்டுமயிர் எண்டா தலமயிர் கருகின மணம் மூக்கில அடிக்கும், நெருப்ப எடுத்தவுடன தானா அணைஞ்சிரும், மிச்சம் கறுப்பா நிக்கிறத விரலால நசிச்சா தூளாகும். பருத்தி கடதாசி எரியிற மணம், சாம்பல் நரைச்சுப் பஞ்சு மாதிரி, அணைஞ்ச பிறகும் நுனியில கொஞ்ச நேரம் தணல் ஓடும். அக்ரிலிக் சுருண்டு உருகிக் கறுப்புப் புகையோட சொட்டும், ஆறினா கடுகு மாதிரி கல்லா நிக்கும், அந்தச் சொட்டு கையில பட்டா தோலோடதான் வரும், அதுக்குத்தான் குறடு. ரெண்டு மணமும் கலந்து வந்தா கலப்பு நூல், அத வூல் குவியல்லயே போடுங்க.

இப்ப பூச்சி. துணிப்பூச்சி எண்டுறது ஒரு சின்ன அந்து, வைக்கோல் கலர், அரிசி அளவுதான். லைட்டச் சுத்திப் பறக்கிற பூச்சி வேற, இது வெளிச்சத்தக் கண்டா ஓடி ஒளியும். பறக்கிறது ஒண்டும் திங்காது, அது போட்ட முட்டையில இருந்து வாற வெள்ளைப் புழுதான் திங்கிறது, ஒரு பூச்சி 40, 50 முட்டை போடும். பந்தப் பிரிச்சுப் பாக்கேக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூலாம்படை, மணல் மாதிரித் தூள், நூல் இடைக்கிடை மெலிஞ்சு கிடக்கிறது, இதுல ஒண்டு இருந்தாலும் அந்தப் பேக்ல இருக்கிற எல்லாத்தையும் சந்தேகப்படுங்க.

இன்னொராளும் இருக்கிறார், அவர நீங்க எல்லாரும் தினமும் பாக்கிறீங்க. சுவத்தில பூசணி விதை மாதிரி சாம்பல் கலர்ல தட்டையா ஒண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்ச நேரம் பாத்தா ஒரு பக்கத்தால தலைய நீட்டி ஊர்ந்து போகும், மறுகா மற்றப் பக்கத்தாலயும் தலைய நீட்டும். மண்ணும் தூசியும் ஒட்டிக் கட்டின கூட்டுக்குள்ள இருக்கிற புழு அது. ஒட்டடை, விழுந்த மயிர், கம்பளி எல்லாம் அதுக்குச் சாப்பாடு. நான் சின்னனில அதத் தட்டிவிட்டு விளையாடினனான், இப்ப கண்டா தும்புத்தடியத்தான் தேடுறன். அரிசி ட்ரம்முக்க இருந்து மட்டும் ஒன்பது எடுத்தன், மூடியிட உள்பக்கம் வரிசையா ஒட்டிக்கிட்டு இருந்தாங்க.

புழுவையும் முட்டையையும் சேத்துக் கொல்லுறதுக்கு வீட்டில செய்யக்கூடின நல்ல வழி குளிர்தான். டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 பாகை செல்சியஸில ஓடணும், ரெண்டு கிழமை உள்ள கிடக்கணும், மூண்டு கிழமை வேணும் எண்டு சொன்னது இதுக்குத்தான். நல்லாக் காஞ்ச நூல பொலித்தீன் பேக்ல போட்டுக் காத்த அமத்தி எடுத்து முடிஞ்சு, அதுக்கு மேல இன்னொரு பேக், இல்லாட்டிப் பாரை மீன் மணத்தோட குழந்தைப் புள்ளைக்குத் தொப்பி பின்ன வேண்டி வரும். பெரிய மூட்டையா வைக்காதீங்க, வூல் குளிர உள்ள விடாது, அதுக்காகத்தானே குளிர் நாட்டுக்காரன் போடுறான், பெரிய மூட்டையிட நடு குளிர மூண்டு நாளும் எடுக்கும். கரண்ட் போய் ஃப்ரீசர் இளகினா நாள முதல்ல இருந்து எண்ணுங்க. எடுத்த பிறகு பேக்க உடன பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்பிடியே வெளிய விட்டா வேர்க்கிற தண்ணி பேக்குக்கு வெளியதான் நிக்கும், அவசரப்பட்டுப் பிரிச்சா அவ்வளவும் நூலில இறங்கும். எங்கட வீட்டு ஃப்ரிஜ்ல மேல் தட்டு மட்டும்தான், அதால ஐஸ்கிரீம் விக்கிற கடை மாமியக் கெஞ்சி அவட பெட்டியில ஒரு மூலை வாங்கினன். "என்ன புள்ள, பஞ்சையும் ஐஸாக்கியா விக்கப் போறாய்" எண்டு ரெண்டு கிழமையும் கேட்டா.

கறுப்பு பேக்ல கட்டி வெயில்ல வெச்சாப் போதும் எண்டு சொல்லுவாங்க. புழு சாக 50 பாகைக்கு மேல சூடு வேணும், வெளிப்பந்து கொதிச்சாலும் நடுப்பந்து சும்மா இளஞ்சூட்டில கிடக்கும், நான் நம்ப மாட்டன். வேப்பிலையும் அப்பிடித்தான், காஞ்ச இலையச் சீலைத் துண்டில முடிஞ்சு வெச்சா புதுசா வாற பூச்சிக்கு மணம் பிடிக்காமப் போகலாம், உள்ள இருக்கிற முட்டைய அது ஒண்டும் செய்யா, பச்சை இலைய நூலோட வெச்சா கறை வேற. நப்தலீன் உருண்டைய நான் அடியோட விட்டுட்டன். மூடின பெட்டிக்க ஆவி அடர்த்தியா நிண்டாத்தான் அது வேலை செய்யும், அந்த ஆவி நூலோடயே புது வீட்டுக்கு வரும், நான் பின்னுறது பச்சப் புள்ளையளுக்கு. ஜீ சிக்ஸ் பீ டீ எண்ட நொதியம் குறைவாப் பிறக்கிற புள்ளையளுக்கு நப்தலீன் பட்டா ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரலாம், எந்தப் புள்ளைக்கு அந்தக் குறை இருக்கு எண்டு பாத்தா தெரியா.

ஈரத்தப் பத்திச் சொன்னா, வூல் ஒரு கள்ளச் சாமான். தன்ட நிறையில 30 வீதம் வரைக்கும் தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கிட்டு தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரியே இருக்கும். அக்ரிலிக் அதில சொற்பம்தான் எடுக்கும். எங்கட கடல்காத்துக்க கிடந்த வூல அப்பிடியே பிளாஸ்டிக்கில அடைச்சா, அந்தத் தண்ணி பகலில வெளிய வந்து பேக் சுவத்தில வேர்க்கும், இரவில திருப்பி நூலில இறங்கும், பூஞ்சணத்துக்கு வேற என்ன வேணும். அதால கட்டுறதுக்கு வெயில் நாளில மத்தியானம் பாத்துக் கட்டுங்க, விடியக்காலையிலயும் மழைக்குப் பிறகும் வேணாம். பெட்டிக்க சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா பைக்கட்ட சேத்து வெச்சுப் போடலாம். அரிசிய முடிஞ்சு போடுங்க எண்டு சொல்றவங்கட பேச்சக் கேக்காதீங்க, வண்டு வரும்.

காயவிட்ட கையோட நிறுத்து எழுதுங்க, சமையலறைத் தராசு போதும். 100 கிராம் பந்து 200 மீட்டர் எண்டு லேபல்ல கிடந்தா, மிச்சம் 35 கிராம் எண்டா 70 மீட்டர், ஒரு பச்சப் புள்ளைத் தொப்பிக்குக் காணும். லேபல்ல சாய இலக்கம் (எந்தத் தொகுதியில சாயம் போட்டது எண்டு) இருக்கும், அதத் தொலைச்சா அதே கலர் திருப்பி வாங்கினாலும் ஒரு நரம்பு வித்தியாசம் தெரியும், ஸ்வெட்டரிட ஒரு கை மட்டும் வேற மாதிரி நிக்கும். லேபல மடிச்சுப் பந்திட நடுவுக்க செருகி, ஃபோன்ல ஒரு படமும் எடுத்திருங்க. கழியா (பெரிய வளையமாச் சுத்தி) இருக்கிற நூலக் கழியாவே விடுங்க, கட்டுறது லேசு எண்டு பந்து சுத்தாதீங்க. இறுக்கிச் சுத்தின வூல் மாசக்கணக்கில இழுபட்டுக் கிடந்தா அதிட துள்ளல் போயிரும், பின்னின பிறகு கழுவேக்க சுருங்கும். கழிய நாலு இடத்தில பருத்தி நூலால தளரக் கட்டி, ரெண்டு பக்கமும் பிடிச்சு முறுக்கி, ஒரு நுனிய மற்றதுக்குள்ள செருகினா, நீங்க உருட்டினாலும் சிக்காது.

இனி ஆட்டுமயிர்ப் பஞ்சு. சித்தி கொண்டந்து தந்த ரெண்டு கிலோ என்னட்டக் கிடந்தது, தக்கிளியில நூற்கப் பழகலாம் எண்டு கேட்டு வாங்கினது, நூத்தது ஒரு கைப்பிடியும் இல்ல. அத உரப்பையில போட்டுக் கட்டிலுக்குக் கீழ வெச்சிருந்தன். வீடு மாறுற அவசரத்தில அம்மா பையத் திறந்து பாத்திட்டு, ஆரோ தந்த இலவம்பஞ்சு எண்டு நினைச்சு அப்பாட தலகணிய அதால நிரப்பித் தைச்சுப் போட்டா. நான் பாக்கேக்க பையில 1 கிலோ 600 தான்.

பஞ்சு வெச்சிருக்கிறவங்க ஆரும் இருந்தா, கழுவாம மூட்டை கட்டாதீங்க. ஆட்டிட உடம்பில இருந்து வந்த மயிரில லனோலின் எண்ட மெழுகும், வியர்வை உப்பும், புழுக்கையும் கிடக்கும், பூச்சிக்கு அது கலியாணச் சாப்பாடு. நாள் போனா மெழுகு மஞ்சளாகி இறுகும், பிறகு கழுவுறது பெரும்பாடு. 60 பாகைச் சுடுதண்ணியில, கை வைக்க ஏலாத சூடு, சட்டி கழுவுற திரவம் கொஞ்சம் விட்டு, பஞ்ச ஒரு வலைப் பையில போட்டு மெல்ல அமத்தி அப்பிடியே 20 நிமிஷம் ஊறவிடுங்க. கலக்காதீங்க, கசக்காதீங்க, பைப்பத் திறந்து நேரா அதுக்கு மேல ஊத்தாதீங்க. மயிருக்கு மேல மீன் செதிள் மாதிரி செதிள் இருக்கு, சூடும் சவர்க்காரமும் உரசலும் சேந்தா ஒண்டோட ஒண்டு கொளுவி கம்பளித் துண்டாயிரும், மறுகா பிரிக்க ஏலா. அலசுற தண்ணியும் அதே சூட்டில இருக்கணும், தண்ணி ஆற விட்டா மெழுகு திருப்பி ஒட்டிக்கும். பன்பாயில நிழல்ல காயவிட்டு, தலகணி உறையில தளரப் போட்டுக் கட்டுங்க. கச்சான் காத்துக்க வளவில விரிச்சா மட்டும் மேல ஒரு வலையோ பழைய நெற்றோ போடுங்க, எனக்கு ஒரு பிடி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில ஏறிட்டு.

அரைவாசி பின்னினதுகள் தனிக் கதை. ஊசியோட அப்பிடியே பெட்டிக்க போட்டா ஊசி நழுவி, வந்து பாக்கேக்க 80 கண்ணும் (ஊசியில நிக்கிற வளையம்) அவிழ்ந்து கிடக்கும். கண் எல்லாத்துக்குள்ளாலயும் வேற கலர் பருத்தி நூல் ஒண்டத் தையல் ஊசியால கோத்து ரெண்டு நுனியையும் முடிஞ்சிட்டு ஊசிய உருவுங்க. கொக்கி ஊசியால பின்னுற குரோஷே எண்டா கடைசிக் கண்ணில ஒரு சேஃப்டி பின் காணும். ஒரு துண்டுக் கடதாசியில எத்தினையாவது வரி, எத்தின மில்லிமீட்டர் ஊசி எண்டு எழுதிச் சேத்து வைங்க, ஞாபகம் இருக்கும் எண்டு நினைக்காதீங்க, வீடு மாறின பிறகு உப்புப் போத்தல் எங்க எண்டே ஞாபகம் இருக்காது. ஒண்ட மட்டும் கைப்பையில வைங்க. பால் காச்சுற நாள் சொந்தக்காரர் வந்து போகும் வரைக்கும் குந்தியிருக்கேக்க கைக்கு ஒரு வேலை வேணும்.

பெட்டிக்கு வருவம். பலசரக்குக் கடையில குடுக்கிற காட்போட் பெட்டியில சீனி, பருப்புத் தூள் கிடக்கும், மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும், கறுத்தப் பயறு மாதிரி. ஃபாமசியில கேளுங்க, மருந்து வந்த பெட்டி சுத்தம். மூடி இறுகிற பிளாஸ்டிக் பெட்டி இருந்தா வூலுக்கும் பஞ்சுக்கும் அதக் குடுங்க, அக்ரிலிக்குக்கு என்ன பெட்டி எண்டாலும் பரவாயில்ல, உரப்பையும் காணும், கழுவிக் காஞ்சதா இருந்தா. காத்த உறிஞ்சுற வக்கூம் பேக் இடத்தக் குறைக்கும், நானும் ஒண்டு பாவிச்சன், ஒரு கிழமைக்கு அது நல்லம், மாசக்கணக்கில விட்டா பந்து தட்டையாகி எழும்பாது, பஞ்ச அதுக்க வைக்கவே கூடாது. பெட்டிக்கு வெளிய 'வூல்' எண்டு மட்டும் எழுதாம இலக்கம் போட்டு, எந்த இலக்கத்தில என்ன எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க, கொப்பி உங்கட கையில இருக்கட்டும்.

பட்டா வண்டியில (சின்ன லொறி) ஏத்தேக்க வூல் பெட்டி பாரமில்ல எண்டு கடைசியா மேல எறிவாங்க. மேல வைக்கிறது சரி, ஆனா மண்ணெண்ண அடுப்பும் காஸ் சிலிண்டரும் எங்க நிக்குது எண்டு பாத்து அதுக்குத் தூரவா வைங்க, மண்ணெண்ண மணம் வூலில ஏறினா ஏழு தரம் கழுவினாலும் போகா. கட்டுற கயிறு பெட்டிக்க இறங்காம ஒரு பாய் மடிச்சுக் குடுங்க. ஆனி எண்டாலும் மேல ஒரு படங்கு போடுங்க. அக்ரிலிக் பந்துகளப் பேக்ல கட்டி அம்மாட கண்ணாடிக் கோப்பைகளுக்கு இடையில செருகினன், ஒரு கோப்பையும் உடையல்ல, அண்டைக்குத்தான் முதல் தரமா என்ட வூலப் பத்தி அம்மா நல்ல வார்த்தை சொன்னா.

புது வீட்டில பெட்டிய நிலத்தில நேரா வைக்காதீங்க, புதுச் சீமெந்து மாசக்கணக்கில ஈரம் கக்கும், சுவரும் அப்பிடித்தான். கல்லு நாலு வெச்சுப் பலகை போட்டு, சுவருக்கு ஒரு சாண் தள்ளி வைங்க. புது அலுமாரிக்குப் பூசின வானிஷ் மணம் போகும் வரைக்கும் அதுக்குள்ள அடுக்கவும் வேணாம். ரெண்டு கிழமையால ஒரு பெட்டியத் திறந்து மணந்து பாருங்க, ஈர மணம் இல்லாட்டி மற்றதயும் ஆறுதலா அடுக்கலாம், மழை தொடங்க முதல் ஒருக்கா எல்லாத்தையும் திருப்பி விரிச்சுப் பாக்கோணும்.

எல்லாம் அடுக்கி முடிஞ்ச பிறகு கொப்பியில சரி போடேக்க 400 கிராம் குறைஞ்சுது. அந்தத் தலகணி ஒண்டுதான் ஃப்ரீசருக்குப் போகாம, கழுவாத பஞ்சோட புது வீட்டுக்கு வந்திருக்கு. ரெண்டு கிழமைக்குத் தாங்க அப்பா, ஐஸ்பெட்டியில வெச்செடுத்துத் தாறன் எண்டு கேட்டன். அப்பா தலகணிய எடுத்து மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுப் படுத்திட்டார்.